சாய்வு எத்தனை விநாடியில் தெரிகிறது? சோதிக்க எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது

ஒரு பரப்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை இரண்டு கண்களும் சேர்ந்து எப்படிக் கண்டுபிடிக்கின்றன? இதைச் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் முதலில், ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் கருவிகளைத்தான் ஒப்பிடுகிறார்கள். எந்தத் திரை கூர்மையானது, எந்தக் கண்ணாடி வசதியானது, எது மலிவு என்று பட்டியல் நீளும். ஆனால் சாய்வு காலப்போக்கில் எப்படி உருவாகிறது என்பதுதான் கேள்வி என்றால், அந்தப் பட்டியலில் பாதி தேவையே இல்லை. கருவி நேரத்தை எப்படிக் கையாள்கிறது, சோதனைப் படத்தைத் தவிர வேறு எதையெல்லாம் கண்ணில் காட்டுகிறது என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். கூர்மை அதற்கு அப்புறம்தான். நான் ஒப்பிடப்போவதும் அந்த வரிசையில்தான்.

முதலில் அடிப்படைக் கணக்கு. இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 6.3 செ.மீ. இடைவெளி. பாதி திறந்த கதவு மாதிரி, செங்குத்து அச்சில் திரும்பி நிற்கும் ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். அதன் பிம்பம் ஒரு கண்ணில் கொஞ்சம் அகலமாகவும் மற்றதில் கொஞ்சம் ஒடுங்கியும் விழும். 60 செ.மீ. தூரத்தில் 45 பாகை சாய்ந்திருந்தால் இந்த அகல வித்தியாசம் ஏறக்குறைய 10 சதவீதம். அதே பலகை 2 மீட்டர் தள்ளிப் போனால் 3 சதவீதம். 6 மீட்டரில் வெறும் 1 சதவீதம்.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் கருவி வாங்குபவருக்கு வேண்டிய எச்சரிக்கை கிடைக்கும். உங்கள் கருவியின் குறையால் ஒரு கண்ணின் படம் 1 சதவீதம் மட்டும் அகலமாகிவிட்டது என்று வையுங்கள். 60 செ.மீ. தூரத்தில் அது 5 பாகைப் பொய்ச் சாய்வு. 2 மீட்டரில் 17 பாகைக்கும் மேல். தூரம் கூடக் கூட, சின்னப் பிழை பெரிய சாய்வாகிறது.

இதில் ஒரு சின்ன ஆறுதலும் உண்டு. ஒரு கண்ணின் படத்தை உயரத்தில் மட்டும் பெரிதாக்கினாலும் பரப்பு சாய்ந்து தெரியும், ஆனால் எதிர்த் திசையில். கென்னத் ஓகில் 1938-இல் விவரித்த விளைவு இது. அதனால் ஒரு கண்ணின் படம் அகலம், உயரம் இரண்டிலும் ஒரே அளவு பெரிதானால், இரண்டு விளைவுகளும் பெருமளவு ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கின்றன. அகலத்தை மட்டும் மாற்றும் பிழைதான் ஆபத்தானது. கருவிகளை எடைபோடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள்?

பார்வைப் புலம் முழுவதும் ஒரே பரப்பாக இருந்து, ஒரு கண்ணின் படம் மட்டும் அகலமாக்கப்பட்டிருந்தால், சாய்வு உடனே தெரிவதில்லை. பார்பரா கில்லமும் அவருடன் பணியாற்றியவர்களும் 1984-இலும் 1988-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதை நன்றாகக் காட்டின. இரண்டு படங்களும் ஒன்றாக இணைந்துவிட்ட பிறகும், சாய்வு எழுந்து வரக் கணிசமான நேரம் பிடிக்கிறது. 1996-இல் ரேமண்ட் வான் ஈ, காஸ்பர் எர்கெலென்ஸ் இருவரும் இதே நேரப் பிரச்சினையை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பரப்பு இருந்தால் சாய்வு சட்டென்று தெரிகிறது. இல்லாவிட்டால் குறைவாகவும் மெதுவாகவும்தான் தெரிகிறது.

இதை நேரில் பார்த்தால்தான் முழுதாகப் புரியும். இருட்டு அறை, கறுப்புத் திரை, கண் போகும் இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். ஒரு கண்ணின் படம் சில சதவீதம் அகலம். முதலில் புள்ளிகள் எல்லாம் முகத்துக்கு நேராகத் தட்டையாக நிற்கின்றன. சாய்வின் சுவடே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால், சில விநாடிகள் கழித்து ஒரு ஓரம் மெல்ல முன்னே வருகிறது, மறு ஓரம் பின்வாங்குகிறது. அது ஒரே சீராகவும் நடப்பதில்லை. கொஞ்சம் வரும், நிற்கும், இன்னும் கொஞ்சம் வரும். சிலருக்குக் கடைசிவரை கணக்கில் வரும் சாய்வில் பாதிகூட வராது. இப்போது அதே புள்ளிகளைச் சுற்றி, இரண்டு கண்களுக்கும் ஒரே அளவான ஒரு மெல்லிய சட்டத்தை வரைந்துவிடுங்கள். சாய்வு அந்தக் கணமே வந்துவிடும். புள்ளிகளில் எதுவும் மாறவில்லை, ஒரு சட்டம்தான் கூடியிருக்கிறது. இந்தத் துறையில் என்னை அதிகம் ஈர்த்த காட்சி இதுதான். எந்தக் கருவி வேண்டும் என்பதையும் பெரும்பாலும் இதுவே முடிவு செய்துவிடுகிறது.

ஏன் இவ்வளவு தாமதம்? இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன என்றே நினைக்கிறேன். புலம் முழுவதும் சீராகப் பரவிய வித்தியாசத்தை மூளை சந்தேகத்தோடு பார்க்கிறது. கண்கள் திரும்பியிருப்பதாலோ, இரண்டு கண்களின் உருப்பெருக்கம் வேறுபடுவதாலோகூட அது வரலாமே. கூடவே புள்ளிகளின் அளவு, அடர்த்தி, கண் குவியும் தூரம் ஆகிய எல்லாம் 'இது நேரான பரப்பு' என்று சாட்சி சொல்கின்றன. இந்த இழுபறி தீர நேரம் எடுக்கிறது.

ஆக, உங்கள் கேள்வி மூன்று வகைகளில் எதைச் சேர்ந்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். நிற்கும் பரப்பின் சாய்வு விநாடிக் கணக்கில் எப்படி எழுந்து வருகிறது என்பது ஒன்று. பரப்பே அசையும்போது, திரும்பும்போது சாய்வு எப்படித் தெரிகிறது என்பது இரண்டாவது. நாள் கணக்கில் கண் எப்படிப் பழகிக்கொள்கிறது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே கருவியை வாங்கினால் இரண்டிலாவது ஏமாற்றம் நிச்சயம்.

ஆடி ஸ்டீரியோஸ்கோப்

சார்லஸ் வீட்ஸ்டோன் 1838-இல் விவரித்த அதே அமைப்பு. மூக்குக்கு முன்னால் இரண்டு ஆடிகள், ஒவ்வொன்றும் 45 பாகைத் திருப்பத்தில். இடப்பக்கம் ஒரு திரை, வலப்பக்கம் ஒரு திரை. ஒரு கண்ணுக்கான படம் இன்னொரு கண்ணுக்குக் கசிய வழியே இல்லை. கண்ணுக்கு முன் வடிகட்டி எதுவும் கிடையாது, நிறம் மாறாது, வெளிச்சம் குறையாது. ஆடிகளையும் திரைகளையும் சரியாக வைத்தால், கண் குவியும் தூரமும் இரண்டு பார்வைகளும் ஒன்றுகூடும் தூரமும் பொருந்தும். திரைகளின் ஓரங்களைக் கறுப்புத் துணியால் மறைத்துவிட்டால், நான் மேலே சொன்ன 'சட்டம்' கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளலாம், வேண்டும்போது அதை நீங்களே வரைந்து சேர்க்கலாம். விநாடிக் கணக்கில் சாய்வு எழுவதை அளக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

இதன் பலவீனம் திரைகளின் ஒத்திசைவில் இருக்கிறது. இரண்டு மானிட்டர்களும் ஒரே மாடலாக இருந்தால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே மாடல் திரைகளும் தனித்தனி நேரத்தில் படத்தைப் புதுப்பிக்கலாம். 60 ஹெர்ட்ஸில் அந்த வித்தியாசம் 16.7 மில்லி விநாடி வரை போகும். நிற்கும் பரப்புக்கு இது பெரிய விஷயமில்லை. அசையும் பரப்புக்கு இது கேடு. ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். இரண்டு திரைகளின் மூலையிலும் ஒளி உணரி ஒட்டி ஒருமுறை அளந்துவிட்டால் சந்தேகம் தீரும். ஒரே திரையை இரண்டாகப் பிரித்து நான்கு ஆடிகளில் காட்டினால் ஒத்திசைவுச் சிக்கல் பெரும்பாலும் போய்விடும், ஆனால் புலம் பாதியாகச் சுருங்கும். சாய்வு ஆய்வில் அது சின்ன இழப்பு அல்ல. ஓகில் காட்டிய உயர வித்தியாசத்தை மூளை பயன்படுத்திக்கொள்ளப் பெரிய புலம் வேண்டும்.

தலை அசையக்கூடாது, தாடைத் தாங்கி வேண்டும், ஆடிகளைச் சரிசெய்ய ஒரு நாள் போகும். இந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

ஷட்டர் கண்ணாடி

ஒரே திரை. இடது கண், வலது கண் என்று மாறி மாறிப் படம் வரும், கண்ணாடி அதே தாளத்தில் திறந்து மூடும். அமைப்பது எளிது, புலமும் பெரிது, ஒரே திரை என்பதால் அகல, உயரப் பொருத்தம் தானாக வந்துவிடும். நிற்கும் பரப்புக்கு நல்ல கருவிதான், ஒளிக்கசிவு கொஞ்சம் இருக்கும் என்பதைத் தவிர.

அசையும் பரப்பு என்றால் கதை வேறு. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு கண்ணின் படத்துக்கும் மறு கண்ணின் படத்துக்கும் நடுவே 8.3 மில்லி விநாடி இடைவெளி. விநாடிக்கு 10 பாகை வேகத்தில் போகும் ஒரு புள்ளி அந்த இடைவெளியில் 0.083 பாகை, அதாவது 5 ஆர்க் நிமிடம் (ஒரு பாகையில் 60 ஆர்க் நிமிடம்) நகர்ந்திருக்கும். மூளைக்கு இது நேர வித்தியாசமாகத் தெரியாது, ஆழ வித்தியாசமாகவே தெரியும். நல்ல இருகண் பார்வை உள்ளவர் சாதகமான நிலையில் 10 ஆர்க் செகண்ட் (ஒரு ஆர்க் நிமிடத்தில் 60 ஆர்க் செகண்ட்) வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடிப்பார். இந்தப் பொய் வித்தியாசம் அதைப்போல 30 மடங்கு.

சாய்வுக்கு இது இன்னும் மோசம். செங்குத்து அச்சில் சுழலும் பலகையில் நடுப்புள்ளி நகராது, ஓரத்துக்குப் போகப் போக வேகம் கூடும். அதனால் பொய் வித்தியாசமும் ஓரத்துக்குப் போகப் போகக் கூடும். நடுவில் சுழியம், ஓரத்தில் அதிகம் என்றால் அது அகலத்தை மட்டும் மாற்றிய படம்தானே. நாம் அளக்க வந்த சமிக்ஞையின் வடிவத்தையே கருவியின் தாமதமும் எடுத்துக்கொள்கிறது. பலகை விநாடிக்கு 30 பாகை சுழன்று, 45 பாகையைக் கடக்கும் கணத்தில் கணக்கிட்டால், 8.3 மில்லி விநாடியில் அகலம் 0.44 சதவீதம் மாறுகிறது. 60 செ.மீ. தூரத்தில் இதனால் வரும் பொய்ச் சாய்வு 1 பாகைக்குச் சற்று மேல். 2 மீட்டரில் சுமார் 4 பாகை. முடிவுகளில் இது எங்கேயும் 'பிழை' என்று எழுதிக்கொண்டு வராது. சுழலும் பரப்பை மனிதர்கள் கொஞ்சம் தவறாகப் பார்க்கிறார்கள் என்ற அழகான கண்டுபிடிப்பாகத்தான் வரும்.

தீர்வு உண்டு, விலையும் இல்லை. இரண்டு கண்களின் படங்களையும் ஒரே கணத்துக்கு வரையாமல், ஒவ்வொன்றையும் அது திரையில் தோன்றப்போகும் கணத்துக்கு வரைய வேண்டும். இதை எழுதத் தெரிந்த ஆள் உங்கள் குழுவில் இருந்தால் ஷட்டர் கண்ணாடியை நம்பி எடுக்கலாம். இல்லையென்றால் அசையும் பரப்புக்கு வேண்டாம்.

வடிகட்டிக் கண்ணாடிகள்

சிவப்பு-நீலக் கண்ணாடியை வகுப்பறையில் செய்து காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வடிகட்டிகளும் ஒரே அளவு வெளிச்சத்தை விடுவதில்லை, மங்கிய பிம்பம் மூளைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. கார்ல் புல்ஃப்ரிஷ் 1922-இல் விளக்கிய விளைவு இது. ஷட்டரில் திரை செய்த தாமதத்தை இங்கே விழித்திரையே செய்துவிடுகிறது, அதை நிரலில் சரிசெய்யவும் வழியில்லை. சிவப்பும் நீலமும் கண்ணுக்குள் ஒரே இடத்தில் குவியாது என்பது கூடுதல் தொல்லை.

ஒளி அதிரும் திசையை வைத்து இரண்டு படங்களையும் பிரிக்கும் போலரைஸ்டு கண்ணாடியில் இந்த வெளிச்சப் பிரச்சினை இல்லை. ஆனால் வரி விட்டு வரியாகப் பிரிக்கும் திரைகளில் ஒவ்வொரு கண்ணுக்கும் பாதி வரிகளே கிடைக்கும், தலையைச் சாய்த்தால் கசிவும் வரும். செலவு குறைவாக ஒரு முன்னோட்டச் சோதனை செய்ய இது போதும்.

விஆர் ஹெட்செட்

இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. புலம் பெரியது, வெளி உலகம் முழுவதும் மறைந்துவிடும், தலையைத் திருப்பினால் பரப்பும் அதற்கேற்பப் பதில் தரும். தலை அசைவோடு சாய்வு எப்படி மாறித் தெரிகிறது என்பது உங்கள் கேள்வி என்றால் யோசிக்கவே வேண்டாம், இதையே எடுங்கள். ஆடிகளுக்கு முன்னால் தாடையைக் கட்டிவைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

ஆனால் நிற்கும் பரப்பின் சாய்வை நுட்பமாக அளக்க இதைத் தேர்ந்தெடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு பாகைக்கு 20 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 3 ஆர்க் நிமிடம். 20 பாகை அகலப் படத்தை 1 சதவீதம் விரித்தால் ஓரம் நகர்வது 6 ஆர்க் நிமிடம், அதாவது இரண்டே பிக்சல். பத்தில் ஒரு சதவீதப் படிகளில் சாய்வை மாற்ற நினைத்தால் பிக்சலின் ஐந்தில் ஒரு பங்கை நம்ப வேண்டியிருக்கும். புள்ளிகளின் ஓரங்களை மங்கலாக்கி வரைந்து இதைச் சமாளிக்கலாம்; ஆனால் லென்ஸைச் சமாளிக்க முடியாது. கண் பக்கவாட்டில் திரும்பும்போது லென்ஸின் வளைவுப் பிழையும் மாறுகிறது. உற்பத்தியாளர் செய்து வைத்த திருத்தம், கண் நேராகப் பார்க்கும்போதுதான் சரியாகப் பொருந்தும். பங்கேற்பவர் 10 விநாடி படத்தில் கண்ணை அலையவிட்டால், ஒவ்வொரு பார்வையிலும் அகல விகிதம் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும்.

குவியும் தூரமும் பெரும்பாலான ஹெட்செட்களில் ஒன்றேதான், மாறாது. பரப்பின் அருகு ஓரத்தையும் தொலை ஓரத்தையும் பார்க்கும்போது கண்ணின் லென்ஸ் அதே நிலையில் நிற்பதால், அது 'சாய்வே இல்லை' என்று எதிர்வாதம் செய்துகொண்டே இருக்கும். நியாயமாகச் சொன்னால், சாதாரணத் திரைகளிலும் இதே குறை உண்டு.

மூன்றாவது வகைக் கேள்விக்கு, நாள் கணக்கில் பழகுவதற்கு, இந்தத் திரைகள் எதுவும் வேண்டாம். ஒரு கண்ணுக்கு முன் அகலத்தை மட்டும் பெரிதாக்கும் லென்ஸ் வைத்த மூக்குக்கண்ணாடி போதும். ஆடம்ஸ், பாங்க்ஸ், வான் ஈ மூவரும் 2001-இல் இப்படித்தான் செய்தார்கள்: முதலில் சாய்ந்து தெரிந்த உலகம் சில நாட்களில் நேராகத் தெரியத் தொடங்கியது. அன்றாட வாழ்க்கையே அங்கே சோதனைப் படம்.

பதிலை எப்படி வாங்குவது

கருவியைப் பற்றி இவ்வளவு யோசிப்பவர்கள், பதில் வாங்கும் முறையை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். அங்கேதான் நேரச் சோதனைகள் அதிகம் கெடுகின்றன.

திரையில் ஒரு கோட்டையோ வட்டையோ காட்டி, தெரியும் சாய்வுக்கு அதைத் திருப்பச் சொல்வது வழக்கமான முறை. நல்ல முறைதான், ஆனால் படம் இருக்கும்போதே அதைக் காட்டாதீர்கள். அந்தக் கோடே ஒப்பிடும் பொருளாகிவிடும், மெதுவாக எழ வேண்டிய சாய்வு சட்டென்று எழும். படம் மறைந்த பிறகு காட்டுங்கள். கையால் தொட்டுத் திருப்பும் பலகை இன்னும் பாதுகாப்பு, ஏனென்றால் அது கண்ணில் படுவதே இல்லை. ஆனால் கை கண்ணோடு அளவில் ஒத்துப்போவதில்லை, ஒவ்வொருவருக்கும் தனியாக அளவுதிருத்தம் செய்ய வேண்டும்.

சாய்வு சுழியமாகத் தெரியும்வரை படத்தைத் திருத்தச் சொல்லும் முறையை நேரச் சோதனைக்கு எடுக்க வேண்டாம். பங்கேற்பவர் திருத்திக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே கண் பழகிக்கொண்டிருக்கும். சாய்ந்த பரப்பை நீண்ட நேரம் பார்த்தபின் நேரான பரப்பு எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும் என்பது கோலர், எமரி இருவரும் 1947-இலேயே விவரித்த விஷயம்.

மிச்சமிருப்பது இரண்டு. ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி தெரிவதைத் தொடர்ந்து காட்டச் சொல்லலாம், அல்லது 0.1, 1, 10 விநாடி என்று குறித்த நேரங்களுக்குப் படத்தைக் காட்டி, முடிந்ததும் பதில் கேட்கலாம். தொடர் முறை கவர்ச்சியானது, ஒரே தடவையில் முழு வளைகோடும் கிடைத்துவிடும். ஆனால் கையின் தாமதமும் தயக்கமும் அந்த வளைகோட்டில் கலந்திருக்கும். முதல் ஒரு விநாடியில் நடப்பதை அது நம்பகமாகச் சொல்லாது. குறித்த நேர முறையில் சோதனைகளின் எண்ணிக்கை எகிறும், பங்கேற்பவர் களைப்பார். இருந்தாலும் நான் அதையே எடுப்பேன். 0.1 விநாடிப் படத்துக்குள் கண்கள் நகரவே முடியாது. அதனால் கண் அசைவு இல்லாத நிலையையும் உள்ள நிலையையும் அது தானாகவே பிரித்துக் கொடுக்கிறது. இடப்பக்கச் சாய்வு, வலப்பக்கச் சாய்வு, நீண்ட நேரம், குறுகிய நேரம் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுக் காட்டுங்கள். அப்போதுதான் முந்தைய படத்தின் பின்விளைவு ஒரே பக்கம் சேராது.

எனவே என் தேர்வு: நிற்கும் பரப்புக்கு ஆடி ஸ்டீரியோஸ்கோப், இருட்டு அறை, குறித்த நேரங்கள், படம் மறைந்தபின் பதில். சுழலும் பரப்புக்கு ஒத்திசைந்த இரண்டு திரைகளோடு அதே ஆடிகள், அல்லது கணம் பார்த்து வரையும் நிரலோடு ஷட்டர் கண்ணாடி. தலை அசைவுக்கு ஹெட்செட்.

எதை எடுத்தாலும், தொடங்கும் முன் ஒரு சரிபார்ப்பை விடாதீர்கள். இடது படத்தை வலது கண்ணுக்கும் வலது படத்தை இடது கண்ணுக்கும் மாற்றிக் காட்டுங்கள். சாய்வு அதே அளவில் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். ஒரு பக்கம் 25 பாகை, மறு பக்கம் 19 பாகை என்று பதில் வந்தால், 3 பாகை ஒரே பக்கமாக இழுக்கிறது என்று அர்த்தம். பலரிடமும் அதே பக்கம் இழுத்தால் கருவியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பைக் குறுகிய நேரப் படத்தில் செய்து திருப்தி அடைந்துவிடக் கூடாது. கருவியின் பொய்ச் சாய்வும் புலம் முழுவதும் பரவிய சாய்வுதான், அதுவும் மெதுவாகத்தான் கண்ணுக்கு எழுந்து வரும். 0.1 விநாடியில் பழுதே இல்லாததுபோலத் தெரிந்த ஆடிகள் 10 விநாடியில் காட்டிக்கொடுக்கும். அதனால் உங்கள் சோதனையின் மிக நீண்ட நேரம் எதுவோ, அந்த நேரத்துக்குப் படத்தைக் காட்டிச் சரிபாருங்கள்.